புல் வெட்டிய கல்லறை

அலாரம் அடிப்பதற்கு முன்பே நாயகம் விழித்துவிட்டான். அது அடிக்கட்டும் என்று காத்திருந்து நிறுத்தினான். மெத்தையைச் சுருட்டினான். பல் துலக்கினான். அரிசி களைந்து குக்கரில் போட்டான். இன்றைக்கும் ஒரு ஆளுக்கு அதிகம். முட்டையை அவித்து நின்றபடியே தின்றான். காப்பியைக் குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குப்பையைப் பிரித்தான். தாள் தனி, பிளாஸ்டிக் தனி, எச்சில் தனி. கொரியாவில் குப்பையைக் கலந்து போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். பிரித்துப் போட்டால் ஒருவரும் தட்ட மாட்டார்கள்.

அன்றைக்குக் கதவு தடதடவென்று அதிர்ந்தது!

“அண்ணே! கெளம்பியாச்சா? வானம் இருட்டிட்டு வருது, வெரசா வாங்க!”

கிளாட்வின்தான். தூத்துக்குடிக்காரன், தேகு நகரத்துக்கு வெளியே ஒரு இரும்பு வார்ப்பாலையில் வேலை. முதுகில் பெரிய மூட்டை, தோளில் சுருட்டிய கயிறு, வாயில் பாதிக் கடித்த ரொட்டி.

“கயிறு எதுக்குல?”

“மலைக்குப் போறவன் கயிறு இல்லாமப் போவானா? உங்களைக் கட்டி இழுக்கத்தான்.”

நாயகம் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த பிளாஸ்டிக் குழாயை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். குழாய்க்குள் ஒரு வண்ணப்படம் இருந்தது. அவனுடைய மனைவி வரைந்த படம்.

செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி. மண்ணுக்குள் கிடக்கும் பழைய இரும்பை ஆராய்கிறவள். அதற்காகத்தான் இருவரும் கொரியாவுக்கு வந்தார்கள். அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்; அவன் மின்கலத் தொழிற்சாலையில் பொறியாளன் ஆனான். இரும்பு இருக்கும் இடத்தை மேலிருந்தே காட்டும் கருவியை இழுத்துக்கொண்டு அவள் மலை மலையாக நடந்தாள். கோரியோங் வட்டாரத்தில் நரிமலை என்று ஒரு மலை. அதன் முகட்டுக்கு அடியில் தேகயா என்ற பழங்கால அரசின் கல்லறை ஒன்று தொடப்படாமல் கிடக்கிறது என்றாள். யாரும் நம்பவில்லை.

போன கோடையில் அந்த மலையில் ஒரு பள்ளத்தில் அவள் உடல் கிடைத்தது. பக்கத்தில் ஒரு கடப்பாரையும் கிடந்தது. புதையல் திருடப் போய் மண் சரிந்து இறந்தாள் என்று விசாரணை அறிக்கை எழுதிவிட்டார்கள். முதலில் அங்கே ஓடி வந்தவர் ஹ்வாங் என்ற பெரியவர். அகழாய்வுகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் உயிர் பிரியும்போது கடைசியாகச் சொன்னது இது என்று அவர் சாட்சி கூறினார்: ‘தப்பு செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள்.’

அந்த வாக்கியம்தான் நாயகத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. ஆறு வருட வாழ்க்கையில் செண்பகம் அவனிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. அவனுடைய மடிக்கணினியில் சாம்பாரைக் கொட்டியபோதுகூட, ‘மூடாம வச்சது யாரு?’ என்றுதான் கேட்டாள். அப்படிப்பட்டவள் சாகும்போது மட்டும் கேட்டிருப்பாளா? கேட்டிருந்தால் அவள் திருடி. கேட்கவில்லை என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள்.

யார்?

ஹ்வாங் பெரியவர்மேல் அவனுக்குச் சந்தேகம் இல்லை. பாவம், ஆறுதல் சொல்ல வந்தவர் அவர் ஒருவர்தான். பேரிக்காய்ப் பெட்டி கொண்டுவந்தார், கிம்ச்சி ஊறுகாய் கொண்டுவந்தார். கருவி காட்டியதை வைத்துச் செண்பகம் வரைந்த படம் வீட்டில் எங்கேயாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கனிவாகக் கேட்டார். “படத்தோட மலைக்கு வாங்க தம்பி. கல்லறை இருக்குன்னு தெரிஞ்சா உங்க மனைவி பொய் சொல்லலன்னு ஆயிடும். நானே சாட்சி சொல்றேன்” என்றார். போன வாரம்தான் பழைய புத்தகம் ஒன்றுக்குள் படம் கிடைத்தது. உடனே நாள் குறித்தார்கள்.

நாயகத்தின் சந்தேகம் எல்லாம் இன்னொருத்தி மேல்.

அந்த இன்னொருத்தி மலையடிவாரத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள்!

“இவளை யாருல கூப்பிட்டது?”

“நான்தாம்ணே” என்றான் கிளாட்வின். “அன்னைக்கு மைனி கூட இருந்தது மின்ஜி ஒருத்திதான? வழி தெரிஞ்ச ஆளு வேண்டாமா?”

காங் மின்ஜி. செண்பகத்தின் ஆய்வுக்கூடத் தோழி. அன்றைக்கு அதே பள்ளத்தில் கை முறிந்து, தலையில் அடிபட்டுக் கிடந்தவள். விசாரணையில், ‘எனக்குச் சரியாக நினைவில்லை’ என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து இருந்தது. அதன் பிறகு இருமுறை நாயகத்தின் வீட்டுக்கு வந்தாள். கதவுத் துவாரம் வழியாக அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் திறக்கவே இல்லை.

“வணக்கம், நாயகம் சார்” என்று குனிந்தாள். கொரிய மொழியில்தான் பேசினாள். இவர்களும் அவளோடு அதிலேதான் பேசினார்கள்.

“வணக்கம்” என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டி நடந்தான்.

ஹ்வாங் பெரியவர் ஊன்றுகோலோடு முன்னால் நின்றார். மின்ஜியைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சிரித்தார். “எல்லாரும் வந்தாச்சு. மழைக்கு முன்னால ஏறி இறங்கிடணும். புறப்படுங்க!”

ஏறினார்கள். மழைக்காலம் தொடங்கிய பிறகு மலை பச்சைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தது. பைன் மரங்களுக்கு நடுவே சிள்வண்டுகள் காதைத் துளைத்தன. வழியெங்கும் காட்டுப்பன்றிகள் மண்ணைக் கிளறிப் போட்டிருந்தன. நாயகம் கடைசியில் நடந்தான். மின்ஜியின் முதுகை விட்டு அவன் கண் நகரவில்லை. ஏன் அடிக்கடி கைப்பேசியைப் பார்க்கிறாள்? ஏன் ஒவ்வொரு வளைவிலும் நின்று மரங்களை உற்றுப் பார்க்கிறாள்? எதைத் தேடுகிறாள்?

ஓர் ஓடை குறுக்கிட்டது. நேற்றைய மழையில் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. ஹ்வாங் பழக்கப்பட்ட ஆடுபோலக் கல் கல்லாகத் தாவி அக்கரை சேர்ந்தார். கிளாட்வின் தாவினான். மின்ஜி அக்கரையில் நின்று நாயகத்துக்குக் கை நீட்டினாள்.

“பிடிச்சுக்குங்க, கல் வழுக்கும்.”

“வேண்டாம்.”

அவன் தானாகவே கால் வைத்தான். வழுக்கி மார்பளவு நீரில் விழுந்தான்! சட்டைக்குள் இருந்த குழாயை உயரத் தூக்கிக்கொண்டே தட்டுத்தடுமாறிக் கரையேறினான்.

“குளிக்கணும்னா வீட்டுலயே குளிச்சுட்டு வந்திருக்கலாமேண்ணே” என்றான் கிளாட்வின்.

ஒரு பெரும்பாறையில் உட்கார்ந்து சோறு உண்டார்கள். கீழே பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. எதிர்ச் சரிவில் பெரிய பெரிய மண்மேடுகள், பச்சைத் தொப்பி கவிழ்த்ததுபோல வரிசையாக ஏறின.

“அம்புட்டும் ராசாக்கள் கல்லறையா?” என்றான் கிளாட்வின். “ஒரு சின்ன ஊருக்கு இத்தனை ராசாவா?”

“சின்ன ஊர் இல்லை” என்றாள் மின்ஜி. “தேகயா. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால இங்கே இருந்த கயா நாடுகள்ல ஒண்ணு. இந்தக் கயா மலையோட பெண் தெய்வம் பெத்த மகன்தான் முதல் அரசன்னு கதை. உண்மையான தெய்வம் இரும்புதான். இந்த மலைகள்ல இரும்புக் கல் கிடைச்சது. உருக்கினாங்க, கட்டி கட்டியா அடிச்சாங்க, ஆத்து வழியா கடலுக்கு அனுப்பினாங்க. ஜப்பான் வரைக்கும் போச்சு. தெற்கே இருந்த கயா நாடுகளை வடக்கத்திப் படை நொறுக்கினப்போ, மலைக்குள்ள இருந்த இவங்க தப்பிச்சு மேலே வந்தாங்க. சீனப் பேரரசருக்கே தூது அனுப்பினாங்க. அரசன் செத்தா முப்பது நாற்பது பேரைக் கொன்னு கூடவே புதைச்சாங்க. காவலாளி, சமையல்காரி, சின்னப் பிள்ளைகூட.”

நாயகம் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். “கூடப் போனவங்க யாராவது வேண்டாம்னு சொல்லியிருப்பாங்களா?” என்றான்.

அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. மின்ஜி சற்றுத் திகைத்தாள். “எழுதி வைக்கல” என்றாள்.

“அப்படிப்பட்ட நாடு எப்படி அழிஞ்சதுன்னு கேளுங்க” என்றார் ஹ்வாங், பல் குத்தியபடி. “கிழக்கே சில்லா நாடு. அங்கேயிருந்து ஒரு பெண்ணை மணந்தான் தேகயா அரசன். பெண்ணோட நூறு பரிவாரம் வந்தது. ஊர் ஊராப் பிரிச்சு உட்கார வெச்சான், முட்டாள்! ஒற்றர்கள்! ஒரு குறுநில மன்னனுக்கு மட்டும்தான் மூளை இருந்தது. சில்லா நாட்டு உடையோட திரியறாங்களேன்னு சந்தேகப்பட்டுத் துரத்தி அடிச்சான்.”

“ஒரே ஒரு ஒற்றனைக்கூட யாரும் பிடிக்கல, ஐயா” என்றாள் மின்ஜி. “பிடிச்சது உடையை மட்டும்தான். துரத்தினதுல சில்லாவுக்குக் கோபம், பெண்ணைத் திருப்பி அனுப்புன்னு கேட்டாங்க. ‘கணவன் மனைவி ஆயிட்டோம், குழந்தையும் இருக்கு, எப்படிப் பிரியறது’ன்னு அரசன் மறுத்தான். அவ்வளவுதான், கோட்டை கோட்டையாப் போச்சு. கயா நாடுகள் ஒண்ணை ஒண்ணு நம்பல. பிறகு பெக்ஜே நாட்டோட சேர்ந்து சண்டை போட்டாங்க, தோத்தாங்க. கடைசியில சில்லா குதிரைப்படை வந்தது. மீசை முளைக்காத ஒரு பையன்தான் முன்னால வந்தான். கோட்டை வாசல்ல வெள்ளைக் கொடியை நட்டான். தேகயா முடிஞ்சது.”

“முன்னாடியே சந்தேகப்பட்டிருந்தா தப்பிச்சிருக்கும்” என்றார் ஹ்வாங்.

“சந்தேகப்பட்டுத்தான் செத்தாங்க” என்றாள் மின்ஜி.

நாயகம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மனசு பெரியவர் பக்கம்தான் சாய்ந்தது.

அதற்கு மேல் வழி ஒடுங்கியது. மரங்களுக்கு இடையே சின்னச் சின்ன மேடுகள் தென்பட்டன. இவை ராஜாக்களுடையவை அல்ல. சுற்றுவட்டாரக் குடும்பங்களின் கல்லறைகள். புல் இடுப்பளவு வளர்ந்து மேட்டையே மறைத்திருந்தது. கிளாட்வின் செருப்பு வாரைக் கட்ட ஒரு மேட்டின் மேல் காலைத் தூக்கி வைத்தான்.

“காலை எடு!” ஹ்வாங்கின் கர்ஜனையில் காக்கைகள் பறந்தன. “கல்லறைமேல கால் வைக்கிறதா? யாரோட அப்பாவோ உள்ளே படுத்திருக்கார்!”

கிளாட்வின் துள்ளிக் குதித்து விலகினான். பெரியவர் அந்த மேட்டைப் பார்த்துத் தலை வணங்கினார். “மன்னிச்சுக்குங்க, வெளியூர்ப் பிள்ளை” என்று உள்ளே படுத்திருந்தவரிடம் சொன்னார். பிறகு சுற்றி நடந்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மேட்டையும் அவர் அப்படியே, இரண்டடி தள்ளிச் சுற்றித்தான் போனார்.

“இத்தனை மரியாதை இருக்குல்லா, புல்லைக் கொஞ்சம் வெட்டிப் போட்டா என்ன?” என்று முனகினான் கிளாட்வின்.

“அறுவடைப் பண்டிகைக்கு முன்னால குடும்பமாக வந்து வெட்டுவாங்க” என்றாள் மின்ஜி. “இப்போ வெட்டினா பயன் இல்லை, மழையில திரும்ப வளர்ந்திடும். கோடையில யாரும் கத்தி வைக்க மாட்டாங்க.”

ஒரு சரிவில் ஹ்வாங் நின்றார். முட்புதர் மூடிய ஒரு பள்ளம். “இங்கேதான், தம்பி” என்றார் தாழ்ந்த குரலில்.

நாயகம் பள்ளத்தைப் பார்த்தான். அவனுக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. வெறும் பள்ளம்.

“இது இல்லை” என்றாள் மின்ஜி திடீரென்று.

“என்ன?”

“அன்னைக்கே சொன்னேன். நான் விழுந்த இடத்துல கல் சுவர் இருந்தது, சுத்தியும் பைன் மரம் இருந்தது. இங்கே ஓக் மரம்தான் இருக்கு. தலையில அடிபட்டதால குழம்பிட்டேன்னு சொல்லிட்டாங்க.”

“குழம்பித்தான் போனே, பாவம்” என்றார் ஹ்வாங் பரிவோடு. “தம்பி, படத்தை எடுங்க.”

நாயகத்தின் விரல்கள் குழாயின் மூடியில் தயங்கின. இவள் ஏன் இடத்தை மாற்றப் பார்க்கிறாள்? வேறெங்கோ இழுத்துப் போகத் திட்டமா? அவன் அவளுக்கு முதுகைக் காட்டியபடி படத்தை விரித்தான். ஹ்வாங் குனிந்தார். நீலத்துக்கு நடுவே சிவப்பாக ஒரு பெரிய கட்டம். அதற்கு ஒட்டினாற்போல ஒரு சின்னக் கட்டம். கட்டத்தின் ஓரத்தில் செண்பகத்தின் கையெழுத்தில் ‘மூணு பைன் மரம்’ என்று இருந்தது. பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவருடைய மூச்சு மாறியதை நாயகம் கேட்டான். சட்டென்று கைப்பேசியை எடுத்துப் படம்பிடித்துக்கொண்டார்.

“இரும்புதான்! பெரிய அறைதான்! சரி, மழை வருது. கீழே போய் அதிகாரிகளைப் பார்ப்போம்.”

“மேலே போகலையா? முகட்டுலதான காட்டுது?” என்றான் நாயகம்.

“அங்கே ஒரு குடும்பத்தோட கல்லறைதான் இருக்கு. தோண்ட முடியாது. வாங்க, வாங்க!”

நாயகம் முதல் தடவையாக அவர் சொல்லைத் தட்டினான். மேலே ஏறினான். கிளாட்வின் பின்னால் ஓடினான், மின்ஜி ஓடினாள். வேறு வழியின்றி ஹ்வாங்கும் வந்தார்.

முகட்டில் மூன்று பைன் மரங்கள். நடுவில் ஒரு மேடு. சுற்றிலும் காடு மண்டிக் கிடக்க, அந்த மேட்டில் மட்டும் புல் கம்பளம்போல ஒட்ட வெட்டப்பட்டிருந்தது!

“பாருங்கண்ணே, இவருக்கு மட்டும் முடி வெட்டி விட்டிருக்காங்க” என்றான் கிளாட்வின். “கல்யாணம் வச்சிருக்கு போல.”

“நல்ல மகன் வாய்ச்சிருக்கான்” என்றார் ஹ்வாங் அவசரமாக.

அப்போது வானம் உடைந்தது! மழை வாளி வாளியாகக் கொட்டியது. முகட்டின் விளிம்பில் மண் சளக்கென்று சரிந்து, ஹ்வாங்கின் ஊன்றுகோல் கீழே உருண்டது. பெரியவர் பதறினார். இரண்டே தாவலில் அந்த மேட்டின் மேல் ஏறி, உச்சியில் கால் ஊன்றி நின்று மூச்சு வாங்கினார்.

நாயகம் அவரைப் பார்த்தான். அவருடைய காலைப் பார்த்தான்.

செருப்பு வாரைக் கட்டியதற்குக் காக்கை பறக்கக் கத்திய மனிதர். செத்தவரிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர். உயிர் போகிற அவசரத்திலும் அவருடைய கால் பழக்கத்தால் விலகியிருக்கும். விலகவில்லை. ஏனென்றால் அந்தக் காலுக்குத் தெரியும், உள்ளே யாருடைய அப்பாவும் இல்லை என்று.

“ஐயா, இது யாரோட கல்லறை?” என்றாள் மின்ஜி. அவளும் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹ்வாங் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றியது. “கிம்... கிம் குடும்பம்” என்றார். இறங்கினார். “நான் கீழே போய் ஆள் கூட்டிட்டு வரேன். அசையாதீங்க!” சொன்ன வேகத்தில் மழைக்குள் மறைந்தார்.

கிளாட்வின் மேட்டில் ஏறி ஒரு குதி குதித்தான். டம்! பலகைச் சத்தம்! புல்லைப் பிடித்து இழுத்தான். கம்பளம்போலவே சுருண்டு வந்தது. அடியில் மரப்பலகை. பலகைக்கு அடியில் இருட்டு. இருட்டுக்குள் இறங்கும் ஏணி.

“சிக்னல் இல்லை” என்றாள் மின்ஜி, கைப்பேசியை உயர்த்தி. “அந்தப் பாறை மேல ஏறிப் பார்க்கிறேன். நான் வர்ற வரைக்கும் இறங்காதீங்க!”

அவள் ஓடினாள். ‘ஹ்வாங்கைத் தேடித்தான் ஓடுகிறாளோ?’ என்று நாயகத்துக்குத் தோன்றியது. ஒருவன் கள்ளன் என்றால் இன்னொருத்தி நல்லவள் என்று ஆகிவிடுமா? இருவரும் கூட்டாக இருந்தால்?

“அண்ணே, நில்லுங்க. அந்தப் பிள்ளை சொன்னது...”

“நீ கயிறையும் மூட்டையையும் இறக்கி வச்சுட்டு, மேலேயே நின்னு டார்ச்சை அடி.”

இறங்கினான்.

அடியில் கற்சுவர் எழுப்பிய சின்ன அறை. ஒரு மூலை காலியாக இருந்தது. அங்கே இருந்ததை எல்லாம் திருடர்கள் கொண்டுபோயிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் நீள்கழுத்து ஜாடிகள், தாங்கிகளின் மேல் நின்றபடி. ஒன்றில் மீன் முள்கூட அப்படியே கிடந்தது. தரை டார்ச் வெளிச்சத்தில் துருச்சிவப்பாகத் தெரிந்தது. அது தரை அல்ல! இரும்புக் கட்டிகள்! நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரிந்த கட்டிகள், பாய் விரித்ததுபோல வரிசையாக. தேகயாவை அரசாக்கிய இரும்பு. அரசன் அதன்மேல்தான் தூங்கப் போயிருக்கிறான். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கற்பலகை. அதற்கு அப்பால்தான் படத்தில் இருந்த பெரிய கட்டம். திருடர்களுக்கு அது தெரியாது; அதற்குத்தான் படம் தேவைப்பட்டிருக்கிறது.

“என்னண்ணே தெரியுது?”

“எல்லாம். அவ சொன்ன எல்லாம் இருக்குல!”

சுவரோரத்தில் சரிந்து கிடந்த மண்ணிலிருந்து ஒரு மரப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தான். மண் தட்டும் தூரிகை. பிடியில் மசியால் எழுதியிருந்தது: ‘செண்பகம். தொடாதே.’

அவள் தன் பொருள் எல்லாவற்றிலும் அப்படித்தான் எழுதி வைப்பாள். அவள் விழுந்தது அந்த முட்பள்ளத்தில் அல்ல. இங்கே. இங்கிருந்து யாரோ தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கடப்பாரையையும் போட்டிருக்கிறார்கள்.

மேலே கிளாட்வின் அலறினான். அடுத்த கணம் அவனே உள்ளே வந்து விழுந்தான்!

“கிழவன்! பின்னால வந்து தள்ளிட்டான்! ஐயோ, கணுக்கால்!”

ஏணி சரசரவென்று மேலே போனது. வட்டமான வெளிச்சத்தில் ஹ்வாங்கின் முகம் தெரிந்தது. கனிவு எதுவும் இல்லை. பிறகு மண் விழத் தொடங்கியது. மண்வெட்டி, மண்வெட்டியாக! மழைநீர் அதோடு சேர்ந்து சுவரில் வழிந்தது. துளையைத் தாங்கியிருந்த மரக்கட்டைகள் முனகின.

“ஐயா! ரெண்டு உயிர்!” என்று கத்தினான் நாயகம்.

“அவளும் இதையேதான் கத்தியிருக்கணும், கத்தல” என்றது மேலிருந்து குரல். “நான் கட்டையை இழுக்கும்போது...” மண்ணின் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

திடீரென்று மண் விழுவது நின்றது. மேலே மின்ஜியின் குரல், அதன் பிறகு ஹ்வாங்கின் குரல், ஓடும் காலடிகள். பிறகு ஒன்றும் இல்லை. மழை மட்டும்.

“முடிஞ்சுது” என்றான் நாயகம். “ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்க.”

“வாயைக் கழுவுங்கண்ணே.”

தலைமேல் ஏதோ தட்டியது. கயிறு! கிளாட்வினின் கயிறு. விளிம்பில் மின்ஜியின் முகம், தலைமுடி நெற்றியில் ஒட்டி, சேறு வழிய.

“பாறை மேல சிக்னல் கிடைச்சது! அங்கே நின்னே அவசர உதவிக்கு வீடியோவில பேசினேன். அவர் மண் தள்றதை அவங்களும் பார்த்துட்டாங்க. அது தெரிஞ்சதும் ஓடிட்டார். பேச நேரமில்லை, கட்டை நழுவுது! கயிறை மரத்துல சுத்தியிருக்கேன். இடுப்புல கட்டிட்டுச் சுவரை விட்டுடுங்க!”

முதலில் கிளாட்வினைக் கட்டினான் நாயகம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒற்றைக் காலால் உதைத்து ஏறினான். கயிறு திரும்ப வந்தது. முழங்கால் வரை தண்ணீர். நாயகம் இடுப்பில் முடிச்சுப் போட்டான். ஆனால் கைகள் சுவர்க் கல்லை விடவில்லை. கல்லைப் பிடித்தபடியே ஏறப் பார்த்தான். கல் அசைந்தது. மேலே இருந்து ஒரு கூடை மண் விழுந்தது.

“சுவரைப் பிடிக்காதீங்க! சரியுது! கையை விடுங்க!”

“விட்டா?”

“நான் பிடிச்சிருக்கேன்!”

ஓடையில் நீட்டிய அதே கை. அவன் கண்ணை மூடினான். விட்டான். முழு எடையோடு இருட்டில் தொங்கினான். கயிறு ஒரு முழம் இறங்கியது, பிறகு நின்றது. மெதுவாக மேலே ஏறத் தொடங்கியது. மரத்தைச் சுற்றி இரண்டு பேர் இழுத்தார்கள். ஒருத்திக்குக் கை ஏற்கெனவே முறிந்து கூடியது; ஒருவனுக்குக் கால் புதிதாக முறிந்தது.

அவன் புல்லில் விழுந்து புரளவும், கட்டை முறிந்து துளை வாய் மூடிக்கொள்ளவும் சரியாக இருந்தது.

“நல்லவேளை, மத்தியானம் குறைச்சலாச் சாப்பிட்டீங்க” என்றான் கிளாட்வின், வலியில் முகம் கோணியபடி. “ஒரு சோறு கூடியிருந்தா கயிறு அத்துருக்கும்.”

நாயகம் சிரித்தான். ஓராண்டில் முதல் தடவை. அவன் கையில் இன்னும் அந்தத் தூரிகை இருந்தது.

ஹ்வாங்கை அன்று மாலையே பேருந்து நிலையத்தில் பிடித்தார்கள். வயல் வேலை முடிந்து வந்த ஊர்க்காரர்கள்தான் அடையாளம் காட்டினார்கள். போலிக் கல்லறை கட்டிய கதையைக் கேட்டு அவர்கள் காறித் துப்பினார்கள். திருட்டைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிய குற்றமாகப் பட்டது.

இலையுதிர்காலத்தில் முகட்டை முறைப்படி திறந்தார்கள். கற்பலகைக்கு அப்பால் பெரிய அறை இருந்தது. தகடு தகடாகக் கோத்த இரும்புக் கவசம், குதிரைச் சேணம், நெளிந்துபோன பொன் முலாம் கிரீடம். தேகயாவின் கடைசித் தலைமுறையில் யாரோ ஒருவர். வெள்ளைக் கொடி நட்டவர்களின் கண்ணில் படாமல் அத்தனை நூற்றாண்டும் படுத்திருந்தார். செய்தியாளர்கள் வந்தார்கள். அதிகாரிகள் பழைய அறிக்கையை ரத்து செய்து புதியதை அந்த மேட்டிலேயே நின்று உரக்கப் படித்தார்கள். கல்லறையைக் கண்டுபிடித்தவர் செண்பகவல்லி என்று அதில் இருந்தது. கிளாட்வின் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு விசிலடித்தான். ஒருவரும் அவனைக் கண்டிக்கவில்லை.

சுற்றிலும் குடும்பங்கள் புல் வெட்டிக்கொண்டிருந்தன. பண்டிகை நெருங்கிவிட்டது. வெட்டிய புல்லின் வாசம் மலையெங்கும் நிறைந்திருந்தது. நாயகமும் மின்ஜியும் பைன் மரத்தடியில் நின்றார்கள்.

“நீங்க ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தீங்க” என்றான் அவன். “நான் உள்ளேதான் இருந்தேன்.”

“தெரியும். துவாரத்துல நிழல் தெரிஞ்சது.”

“என்ன சொல்ல வந்தீங்க?”

ஓராண்டாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். கதவைத் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் கிடைத்திருக்கும்.

“சொல்ல வரல, கேட்கத்தான் வந்தேன்” என்றாள் மின்ஜி. “அப்போ இங்கே மேடு இல்லை, திருடங்க தோண்டின துளைதான். அவங்க உள்ளே இருந்தாங்க. நான் மேலே. கட்டை சரிஞ்சது. நான் ஏணியில கால் வெச்சேன். அப்போ அவங்க கத்தினாங்க. கொரிய மொழியில இல்லை, உங்க மொழியில. அதுக்கப்புறம் மண்ணு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை. விசாரணையில சொன்னேன். அர்த்தம் என்னன்னு கேட்டாங்க, எனக்குத் தெரியல. அதனால எழுதிக்கல. மறந்துடக் கூடாதுன்னு தினமும் சொல்லிப் பார்த்துக்கிறேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோவில்பட்டிப் பேச்சின் ஏற்ற இறக்கம் கொஞ்சமும் பிசகாமல், செண்பகம் சொன்னதைச் சொன்னாள்:

“ஏட்டி, நீ எறங்காத. நான் வந்துருதேன்.”